அன்சார்ட்டட் தொடர் நிறைவாக முடிந்ததா?

"அன்சார்ட்டட் தொடரின் முடிவு உங்களுக்கு நிறைவாக இருந்ததா? வில்லன் ரேஃபோடு நடக்கும் வாள் சண்டையிலேயே கதை முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு வரும் கடற்கரை வீட்டுப் பகுதி வெறும் ஒட்டு என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள்" என்பது கேள்வி.

நிறைவாகத்தான் முடிந்தது. அதுவும் உங்கள் நண்பர்கள் ஒட்டு என்று தள்ளும் அந்தக் கடைசிப் பகுதியால்தான் முடிந்தது. அது இல்லாமல் போயிருந்தால் நான்காம் பாகமும் முந்தைய மூன்றைப் போல ஒரு சாகசத்தோடு நின்றிருக்கும். தொடருக்கு முடிவு என்று ஒன்று கிடைத்திருக்காது. ஏன் என்று விளக்கக் கதை முழுவதையும் போட்டு உடைக்க வேண்டியிருக்கிறது. இன்னும் ஆடாதவர்கள் ஆடி முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

தொடரை அறியாதவர்களுக்கு ஒரு சுருக்கம். நாட்டி டாக் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்காக உருவாக்கிய சாகச விளையாட்டுத் தொடர் இது. 2007, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் முதல் மூன்று பாகங்கள் வந்தன. நான்காவது பாகமான 'எ தீஃப்ஸ் எண்ட்' 2016 மே மாதம் வந்தது. நாயகன் நேதன் டிரேக், சுருக்கமாக நேட், புதையல் தேடி. கடல் சுற்றிய பிரான்சிஸ் டிரேக்கின் வாரிசு என்று தன்னைச் சொல்லிக்கொள்பவன். அவனுக்குத் தகப்பன் இடத்தில் இருக்கும் கிழட்டுக் கள்ளன் விக்டர் சல்லிவன், எல்லோருக்கும் சல்லி. எலீனா ஃபிஷர் பத்திரிகையாளர். முதல் பாகத்தின் முதல் காட்சியிலேயே, பனாமா கடலில் இருந்து பிரான்சிஸ் டிரேக்கின் சவப்பெட்டியைத் தூக்கும்போது கேமராவோடு நிற்பவள். இந்த மூன்று பேர்தான் தொடர். மற்ற எல்லோரும் வந்து போகிறவர்கள்.

முந்தைய மூன்று பாகங்களும் எப்படி முடிந்தன என்று வரிசையாகப் பாருங்கள். முதல் பாகத்தின் முடிவில் நேட்டும் எலீனாவும் நெருங்குகிறார்கள், சல்லி படகு நிறையப் பெட்டிகளோடு வந்து சேர்கிறான், மூவரும் சிரித்துக்கொண்டே கடலில் போகிறார்கள். இரண்டாம் பாகம் தொடங்கும்போது எலீனா இல்லை. அந்த இடத்தில் குளோயி என்ற இன்னொரு புதையல் தேடி இருக்கிறாள். இரண்டாம் பாகத்தின் முடிவில் எலீனா குண்டுக் காயத்தோடு உயிர் பிழைக்கிறாள், முத்தம், சூரிய அஸ்தமனம். மூன்றாம் பாகத்தில் பார்த்தால் இடையில் கல்யாணமே நடந்திருக்கிறது, பிரிந்தும் போயிருக்கிறார்கள். யேமனில் அவளைப் பார்க்கும்போது அவள் விரலில் மோதிரம் இருக்கிறது, அவன் விரலில் இல்லை. கடைசிக் காட்சியில் சல்லி அவனுடைய கல்யாண மோதிரத்தை எடுத்து நீட்டுகிறான், மறுபடி சேர்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சுபம் போட்டுவிட்டு, அடுத்த பாகத்தில் பழைய குருடி கதவைத் திறடி.

இரண்டாம் பாகம் என்னைப் பொறுத்தவரை அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த சாகச விளையாட்டு. அதன் முடிவும் நல்ல முடிவுதான். ஆனால் அடுத்த பாகம் வந்து கலைத்துவிட்டது. ஆகவே நான்காம் பாகத்தை எடுத்தவர்கள் முன் இருந்த வேலை நல்ல முடிவு எழுதுவது மட்டும் அல்ல. இனி யாரும் கலைக்க முடியாத முடிவை எழுதுவது. முதல் மூன்று பாகங்களின் எழுத்துக்குத் தலைமை தாங்கிய ஏமி ஹென்னிக் 2014-ல் நிறுவனத்தை விட்டுப் போனார். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' முடித்துவிட்டு வந்த புரூஸ் ஸ்ட்ரேலியும் நீல் டிரக்மனும் இயக்கத்தை ஏற்றார்கள். வருடக்கணக்காக வளர்ந்த பாத்திரங்களை வாங்கி முடித்து வைக்கும் பொறுப்பு.

அவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி சரியான கேள்வி என்று நினைக்கிறேன். இவன் ஏன் ஒவ்வொரு முறையும் அவளை இழக்கிறான்? சாகசம் பிடித்திருப்பதாலா? எலீனாவுக்கும்தான் அது பிடிக்கும். போர்க்களத்துக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறவள் அவள். பிரச்சினை அவன் மறைக்கிறான் என்பது. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டு, அவளிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். நான்காம் பாகம் இந்த ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை விடவில்லை.

மூன்றாவது, நான்காவது அத்தியாயங்களை நினைவுபடுத்திப் பாருங்கள். சுடுவதற்கு ஆளே இல்லாத அத்தியாயங்கள். நேட் இப்போது நியூ ஆர்லியன்ஸில் ஒரு கடல் மீட்பு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறான். மலேசியாவில் ஒரு வேலை இருக்கிறது, முறையான அனுமதி இல்லை, வருகிறாயா என்று முதலாளி கேட்கிறார், முடியாது என்கிறான். வீட்டுக்கு வந்து பரணில் ஏறுகிறான். முந்தைய பாகங்களில் இருந்து மிச்சம் வைத்திருக்கும் சாமான்கள் அங்கே கிடக்கின்றன. பொம்மைத் துப்பாக்கியை எடுத்து இலக்குகளைச் சுட்டு விளையாடுகிறான். ஆடுகிற நாமும் அதே பொத்தானைத்தான் அழுத்துகிறோம். பிறகு கீழே வந்து சோஃபாவில் உட்கார்ந்து இருவரும் நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள். எலீனா தான் எழுதும் கட்டுரையைப் பற்றிப் பேசுகிறாள். நேட்டின் கண் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் போய் நிற்கிறது, அவள் குரல் மங்கிக்கொண்டே போகிறது. அவள் கண்டுபிடித்துவிடுகிறாள். கோபப்படவில்லை, அதுதான் நம்மைக் குத்துகிறது. அப்புறம் பழைய பிளேஸ்டேஷனில் கிராஷ் பாண்டிகூட் போடுகிறார்கள். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். கிராஷ், நாட்டி டாக் நிறுவனமே 1996-ல் செய்த விளையாட்டு. இந்த விளையாட்டை மறந்துவிடாதீர்கள், திரும்பி வரும்.

அடுத்து, பனாமா சிறையில் 15 வருடத்துக்கு முன் சுடப்பட்டு இறந்துவிட்டதாக நினைத்த அண்ணன் சாம் வந்து நிற்கிறான். அப்படி ஓர் அண்ணன் இருந்ததையே நேட் எலீனாவிடம் சொன்னதில்லை. இப்போது சொல்வானா? மாட்டான். வேண்டாம் என்று தள்ளிய அந்த மலேசிய வேலையையே சாக்காகச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். பொய்க்கான மூலப்பொருளை இரண்டு அத்தியாயத்துக்கு முன்பே நம் கண் முன்னால் வைத்திருக்கிறார்கள். மடகாஸ்கரில் ஓட்டல் அறைக் கதவைத் திறந்தால் எலீனா நிற்கிறாள். எத்தனையோ கட்டடங்கள் இடிந்து விழும் தொடரில், என்னை அதிகம் பதற வைத்த காட்சி அதுதான்.

புதையல் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் பாகத்தின் புதையலுக்கும் நம் நாட்டு வரலாற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1695 செப்டம்பரில், மெக்காவிலிருந்து சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஔரங்கசீப்பின் கஞ்ச்-இ-சவாய் கப்பலை ஹென்றி எவரி என்ற ஆங்கிலக் கொள்ளையன் பிடித்தான். யாத்திரிகர்கள் சித்திரவதைப்பட்டார்கள், பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். சூரத்தில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்களை முகலாய அரசு பிடித்து அடைத்தது. எவரியின் தலைக்கு ஆங்கில அரசு 500 பவுண்டு அறிவிக்க, கம்பெனி அதை 1000 ஆக்கியது. கூட்டாளிகள் சிலர் 1696-ல் தூக்கில் தொங்கினார்கள். எவரி மட்டும் அகப்படவே இல்லை. இந்த வெற்றிடத்தைத்தான் விளையாட்டு நிரப்புகிறது. எவரியும் தாமஸ் டியூவும் மற்றக் கொள்ளையர்களைச் சேர்த்து மடகாஸ்கர் பக்கம் லிபர்டாலியா என்ற சுதந்திர நகரம் கட்டியதாகக் கற்பனை. உண்மையில் டியூ அதே 1695-ல், இன்னொரு முகலாயக் கப்பலைத் தாக்கும்போது இறந்துவிட்டான். லிபர்டாலியாவும் 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல் ஒன்றில் வரும் கதைதான். அதில் அந்த நகரத்தைக் கட்டியவன் வேறொருவன்.

வரலாறு வளைந்தாலும் கதைக்கு அது பொருந்தி வருகிறது. லிபர்டாலியாவின் தலைவர்கள் வாழ்ந்த நியூ டெவன் பகுதி மாளிகையில் ஒரு நீண்ட சாப்பாட்டு மேசை வருமே, ஞாபகம் இருக்கிறதா? நகரத்தை நிறுவிய தலைவர்கள் எல்லோரும் கோப்பையும் கையுமாக எலும்புக்கூடாகச் சாய்ந்திருப்பார்கள். எவரியும் டியூவும் விருந்துக்கு அழைத்து விஷம் வைத்துவிட்டார்கள். கடைசியில் எவரியின் கப்பலின் அடித்தளத்தில், தங்கக் குவியலுக்கு நடுவே, அந்த இருவரும் ஒருவரை ஒருவர் குத்திய வாளோடு கிடக்கிறார்கள். கூடவே வந்தவனை நம்ப முடியாத கூட்டம் எங்கே போய் நிற்கும் என்பதை அங்கே யாரும் வசனத்தில் சொல்லவில்லை. நேட் அந்த மேசையைச் சுற்றி நடக்கும்போது பக்கத்தில் எலீனாவும் நடக்கிறாள். அது போதும்.

அந்த மாளிகைக்கு வருவதற்கு முன்பே முக்கியமான ஒன்று நடந்துவிடுகிறது. சாம் சொன்ன சிறை உடைப்புக் கதை முழுக்கப் பொய் என்று ரேஃப் போட்டு உடைக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன்பே காசு கொடுத்து சாமை வெளியே எடுத்தவன் ரேஃப்தான். பொய் சொல்லியே பிழைத்த நேட்டுக்குத் தன் மருந்து தன் வாயிலேயே கிடைக்கிறது. மலை உச்சியிலிருந்து விழுந்து கிடப்பவனை எலீனா தேடி வந்து எடுக்கிறாள். அங்கேதான் நேட் முதன்முறையாக எல்லாவற்றையும் சொல்கிறான். டிரேக் என்பது தன் பெயரே இல்லை, பிறந்த பெயர் மார்கன், அம்மா காஸாண்ட்ரா ஒரு வரலாற்றாய்வாளர், அண்ணனும் தம்பியும் போலீசுக்குப் பயந்து ஓடியபோது வைத்துக்கொண்ட பெயர் இது. மூன்று பாகங்களாக நாம் நம்பிக்கொண்டிருந்த வம்சக் கதையும் அப்போதே போகிறது. இதற்குப் பிறகு வரும் ஜீப் பயணத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டு, கை கொடுத்து, சில்லறைப் பேச்சு பேசிக்கொண்டு போவதில் உள்ள தயக்கம், நடிப்பின் உச்சம். நோலன் நார்த்தும் எமிலி ரோஸும் 2007-லிருந்து இந்தக் குரல்களோடு வாழ்ந்தவர்கள். அந்தப் பழக்கம் குரலில் கேட்கிறது.

இங்கே தொடங்குவதுதான் கடற்கரை வீட்டில் முடிகிறது. இடையில் இருக்கும் வாள் சண்டை ரேஃபின் முடிவு, அவ்வளவுதான். ரேஃப் பணக்கார வீட்டுப் பிள்ளை. வேண்டியதெல்லாம் கையில் வந்து விழுந்தது, பெயர் மட்டும் வரவில்லை. ரேஃப் அமர்த்திய கூலிப்படையின் தலைவி நாடின் கதவைப் பூட்டிவிட்டுப் போன பிறகு எரியும் கப்பலில் நடக்கும் சண்டை பார்க்க அழகு. ஆடுவதற்கு, இடம் வலம் என்று இரண்டு பொத்தானுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு தங்க மூட்டை விழுந்து ரேஃப் நசுங்குகிறான். இங்கேயே பெயர்ப் பட்டியல் ஓடியிருந்தால், நேட் ஒரு வில்லனை வென்றான் என்பது மட்டும் மிஞ்சும். முதல் பாகத்திலும் அதைத்தான் செய்தான்.

கப்பலுக்கு அவன் போனதே தங்கத்துக்காக இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அண்ணனை இழுத்துக்கொண்டு தீவை விட்டுப் போவது என்று முடிவு செய்த பிறகு சாம் நழுவிப் போகிறான், அவனை மீட்க நேட் போகிறான். எலீனாவிடம் சொல்லிவிட்டுப் போகிறான். அந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் இந்தப் பாகமே எடுக்கப்பட்டது.

பிறகு எலீனா செய்வது எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். நேட் திருந்தி, சாகசத்தை மறந்து, சம்பள வேலைக்குத் திரும்பி உருப்படுவான் என்று எழுதியிருந்தால் அது பொய்யான முடிவு. சாம் சுருட்டி வந்த கொஞ்சம் பொற்காசுகளை வைத்து எலீனா அந்த மீட்பு நிறுவனத்தையே வாங்கிவிடுகிறாள். போகலாம், தேடலாம், ஆனால் சட்டப்படி, சேர்ந்து, தன் பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சியையும் மறுபடி தொடங்கி. நூடுல்ஸ் சாப்பிட்ட அந்த இரவில் அவனுக்கு மட்டும் மூச்சு முட்டவில்லை, அவளுக்கும்தான் என்று அப்போது புரிகிறது.

இதற்குப் பிறகு பல வருடங்கள் தாண்டி, காஸி. கிராஷ் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பெண் குழந்தை, கிட்டத்தட்டப் பதின்வயது. பெயர் பாட்டி காஸாண்ட்ராவுடையது. நாயின் பெயர் விக்கி, சல்லியின் பெயர். கன்ட்ரோலர் இப்போது அவளை நடத்துகிறது. குதிக்கப் பாறை இல்லை, மறைய மதில் இல்லை. வீட்டுக்குள் அம்மா அப்பாவைத் தேடி நடக்கிறோம். சுவரில் அவர்களுடைய அகழ்வுகளைப் பற்றிய பத்திரிகை அட்டைகள். பூட்டிய ஓர் அலமாரி. சாவியைத் தேடித் திறக்கிறாள். நமக்குத் தெரிந்த அந்தப் பழைய வாழ்க்கை அதற்குள் இருக்கிறது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. பெற்றோர் வந்து கையும் களவுமாகப் பிடிக்கும்போது, உண்மையில் பிடிபட்டவர்கள் அவர்கள்தான்.

மறைப்பவன் மறுபடி மறைத்துக்கொண்டிருக்கிறான் பாருங்கள். இந்த முறை மகளிடம், இந்த முறை எலீனாவும் உடந்தை. அவளைக் காப்பாற்றத்தான் மறைத்தோம் என்ற அதே காரணம். நேட் தயங்குகிறான், எலீனாவைப் பார்க்கிறான், பிறகு சொல்ல ஒப்புக்கொள்கிறான். கழுத்தில் கிடந்த பழைய மோதிரத்திலிருந்து கதையை ஆரம்பிக்கிறான். முதல் பாகத்தில் சவப்பெட்டியைக் கண்டுபிடிக்க உதவிய மோதிரம் அது. நாம் நாலு பாகமாக ஆடியதை அவன் இப்போது மகளுக்குச் சொல்லப் போகிறான். இதை ஒட்டு என்று எப்படிச் சொல்ல முடியும்? எலீனாவிடம் சொன்னது கட்டாயத்தில், அகப்பட்டுக்கொண்ட பிறகு. மகளிடம் சொல்வது, மழுப்பிவிடவும் வழி இருந்தபோது. மூன்று பாகங்கள் கலைத்த குடும்பம் இனி கலையாது என்பதற்கு அந்தப் பெண்ணே சாட்சி. அவளை இல்லாமல் ஆக்கிவிட்டு யாரும் ஐந்தாம் பாகம் எழுத முடியாது.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சாம் மிகச் சுலபமாகத் தப்பிக்கிறான். தம்பியின் கல்யாணத்தை உடைக்கும் அளவுக்குப் பொய் சொன்னவன், கடைசியில் ஒரு மன்னிப்போடு சல்லியைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். சல்லிக்கும் இந்தப் பாகத்தில் நியாயம் செய்யவில்லை. முதலில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம். அப்பாவாக இருந்தவனுக்கும் பையனுக்கும் நடுவில் ஒரு முழு அத்தியாயம் கொடுத்திருக்க வேண்டும்.

பெரிய குறை வேறு. இவ்வளவு அன்பான மனிதன் வழியெல்லாம் நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டுக் கொல்கிறான். தொடரின் மீது முதலிலிருந்து இருந்த குற்றச்சாட்டு இது. உருவாக்கியவர்களுக்கும் தெரியும், ஆயிரம் பேரைக் கொன்றால் விளையாட்டு தரும் 'டிராஃபி' என்ற விருதுக்கு, கதைக்கும் ஆட்டத்துக்கும் உள்ள இந்த முரணைக் குறிக்கும் 'லூடோநரேட்டிவ் டிஸனன்ஸ்' என்ற பெயரையே வைத்தார்கள். ஆனால் பெயர் வைப்பது பதில் ஆகாது. காஸியிடம் அப்பா எந்தக் கதையைச் சொல்வான், எதை விட்டுவிடுவான் என்ற கேள்வியை விளையாட்டு தொடவே இல்லை. உண்மையைச் சொல்வதைப் பற்றிய முடிவில் இந்த ஓட்டை கண்ணுக்குத் தெரிகிறது. இது இருந்தும் நிறைவு என்றுதான் சொல்வேன், ஏனென்றால் இந்த முடிவு தீர்த்து வைக்க எடுத்துக்கொண்டது நேட்டுக்கும் அவன் வீட்டுக்கும் இடையே உள்ள கணக்கை. அதை முழுதாகத் தீர்த்தது.

'லாஸ்ட் லெகசி'யையும் கேட்பீர்கள். 2017 ஆகஸ்டில் வந்தது, நேட் இல்லாமல், குளோயியும் நாடினும் மேற்குத் தொடர்ச்சி மலையில் விநாயகரின் தந்தத்தைத் தேடும் கதை. போசளர்களின் பேளூர், ஹளேபீடு பெயர்கள் காதில் விழுகின்றன. திருச்சி பக்கம் கண்ணனூரிலும் இருந்து ஆண்டவர்கள் அவர்கள். ஆனால் விளையாட்டில் வரும் பிரம்மாண்டக் கோபுரங்களில் போசளர் கோயிலின் அந்த நுணுக்கச் செதுக்கலை எதிர்பார்க்காதீர்கள். நாடினுக்கு நான்காம் பாகம் தராத இதயத்தை இது தந்தது. சாம் மேல் எனக்கு இருந்த கோபமும் இதில் கொஞ்சம் குறைந்தது. அளவாக, இறுக்கமாக எழுதப்பட்டது. நேட்டின் முடிவை இது தொடவில்லை. அந்த மரியாதைக்காகவே எனக்கு இதன் மேல் மதிப்பு.

உங்கள் நண்பர்களுக்கு ஒரு யோசனை. முதல் மூன்றும் 2015-ல் பிளேஸ்டேஷன் 4-க்கு ஒரே தொகுப்பாக வந்தன. நான்காவதும் லாஸ்ட் லெகசியும் சேர்ந்த தொகுப்பு 2022 முதல் பிளேஸ்டேஷன் 5-லும் கணினியிலும் கிடைக்கிறது. நான்காவதை மட்டும் ஆடியிருந்தால், மூன்றாவதையாவது ஒருமுறை முடித்துவிட்டு, சல்லி மோதிரத்தை நீட்டும் காட்சியைப் பார்த்த சூட்டோடு கடற்கரை வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். லாஸ்ட் லெகசியை நாலு நாள் கழித்துத் தொடங்கினால் போதும்.